குனிந்து செய்யும் வேலையும் நிமிர்த்தும் பயிற்சியும்

அவலூர்பேட்டையைச் சுற்றியுள்ள கழனிகளிலும் கொல்லைகளிலும் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை குனிந்து செய்பவை. நாற்றுப் பறிப்பது, நடுவது, களை வெட்டுவது, மல்லாட்டைச் செடியைப் பிடுங்குவது என்று எதை எடுத்தாலும் இடுப்பு மடிந்தே இருக்கும். பிடுங்கிய செடியைக் குவித்துவைத்துக் காய் ஆய உட்கார்ந்தால், மணிக்கணக்கில் முதுகு வில்லாக வளைந்திருக்கும். நெல் அறுப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது. களையும் ஆய்தலும் இன்னும் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. மூட்டை தூக்குவது ஆண்கள் பங்கு. இந்த வட்டாரத்தில் நெல்லுக்கு 75 கிலோ மூட்டைக் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள்.

இவர்களில் ஒருவர் இடுப்பு வலி என்று செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ போனால், பெரும்பாலும் ஒரு எக்ஸ்ரே, ஒரு பெல்ட், சில மாத்திரைகள், “குனியாதீங்க, நிமிர்ந்து நடங்க” என்ற அறிவுரை ஆகியவற்றோடு திரும்புகிறார். குனியாமல் எப்படிக் களை வெட்டுவது என்று யாரும் சொல்வதில்லை. அதே வட்டாரத்துப் பிள்ளை சென்னையில் கணினி வேலைக்குப் போய்க் கழுத்து வலி என்றால், வேறு விதமான கவனிப்பு கிடைக்கிறது. கோடு போட்ட திரைக்கு முன் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். கைபேசிச் செயலி ஒன்று காதுக்கும் தோளுக்கும் கோடு வரைந்து, தலை இத்தனை சென்டிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது என்கிறது. பிறகு அதைச் சரிசெய்யப் பயிற்சிகளின் பட்டியல் ஒன்று வருகிறது.

உடம்பு நிற்கிற, உட்காருகிற தோரணையைப் பார்த்து உடம்பின் நலத்தைச் சொல்லிவிட முடியுமா? தோரணையைப் பயிற்சியால் திருத்தினால் வலி போகுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு நூற்றாண்டாகத் தரப்பட்ட விடைகள் கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோரணையைப் பார்ப்பது மிகவும் பயனுள்ள வேலை. ஆனால் அதை ஒரு நேர்க்கோட்டோடு ஒப்பிட்டுக் குறை சொல்லும் வேலையாக்கியதில் அந்தப் பயனின் பெரும்பகுதி வீணாகிவிட்டது.

நேர்க்கோட்டின் கதை பழையது. அமெரிக்காவில் 1914இல் ஜெஸ்ஸி பான்கிராஃப்ட் என்ற உடற்கல்வி ஆசிரியை தோரணைக்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்களை வரிசையாக நிறுத்தி மதிப்பெண் போடும் வழக்கம் பரவியது. கூன் போட்டு நிற்பது சோம்பலுக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அடையாளம் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்துகொண்டது. மருத்துவ முறையாக இதை ஒழுங்குபடுத்தியவர்கள் ஹென்றி கெண்டல், ஃபுளோரன்ஸ் கெண்டல் தம்பதியர். தசைகளைச் சோதிப்பது பற்றி 1949இல் அவர்கள் வெளியிட்ட நூல் உலகெங்கும் இயன்முறை மருத்துவ மாணவர்களுக்குப் பாடநூலானது. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே தூக்குக்குண்டைத்தான் அவர்கள் மனித உடம்புக்குப் பிடித்தார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது நூல் காது மடல், தோள் மூட்டு, இடுப்பு மூட்டு வழியாக இறங்கி, முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னாலும் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னாலும் விழ வேண்டும். விலகினால் எந்தத் தசை இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று கணித்து, இறுகியதை நீட்டவும் தளர்ந்ததை வலுவாக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். பின்னர் செக்கோஸ்லோவாகியாவின் விளாடிமிர் யாண்டா கழுத்து, தோள், இடுப்புத் தசைகள் எதிரெதிராக இறுகித் தளரும் அமைப்புகளை விவரித்தார். இன்றைய உடற்பயிற்சிக் கூடங்கள் சொல்லும் திருத்தப் பயிற்சிகளில் பாதிக்கு மேல் இவர்கள் வழிவந்தவை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கனடாவில் ஒரு குழு, ஒரே ஆட்களின் படங்களை 28 மருத்துவர்களிடமும் சிகிச்சையாளர்களிடமும் காட்டி, கழுத்து வளைவும் இடுப்பு வளைவும் இயல்பா, கூடுதலா, குறைவா என்று கேட்டது. 2003இல் வெளியான முடிவு சங்கடமானது. ஒருவர் சொன்னதும் அடுத்தவர் சொன்னதும் ஒத்துப்போகவேயில்லை. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் ஒற்றுமையே இல்லை என்று வைத்த அளவில் அவர்கள் எட்டியது 0.16. ஒரே ஆள் இரண்டாம் முறை பார்த்தபோதுகூடத் தன்னோடு தானே 0.50 அளவுக்குத்தான் ஒத்துப்போனார். ‘உங்க இடுப்பு வளைவு ஜாஸ்தி’ என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பின் எடை இவ்வளவுதான்.

சரி, கருவியால் துல்லியமாக அளந்தால்? முதுகெலும்பின் வளைவுகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 54 ஆய்வுகளை 2008இல் கிறிஸ்டென்சனும் ஹார்ட்விக்சனும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வளைவு கூடியவருக்கு வலி கூடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. 2020இல் 41 தொகுப்பாய்வுகளை மேலிருந்து பார்த்த இன்னொரு குழுவும், தோரணைதான் முதுகு வலிக்குக் காரணம் என்று ஒருமித்துச் சொல்ல இயலாது என்றே முடித்தது. ஆஸ்திரேலியாவில் 17 வயதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்காரும் விதத்தைப் படமெடுத்துப் பிரித்தார்கள். கூனி உட்கார்ந்தவர்களுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்கும் கழுத்து வலியில் வேறுபாடு தெரியவில்லை. கூனி உட்கார்ந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வு சற்றுக் கூடுதலாக இருந்தது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளை தலை குனிந்தே இருந்தால், நிமிர்ந்து உட்கார் என்று அதட்டுவதற்கு முன்னால் அதன் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதே சரி.

இரண்டு கால்களும் ஒரே உயரம் என்பதும் அப்படித்தான். பத்தில் ஒன்பது பேருக்குக் கால் நீளத்தில் வித்தியாசம் உண்டு, சராசரி 5 மில்லிமீட்டர். ஸ்கேன் படத்தில் டிஸ்க் தேய்மானம் என்று வருவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வை அறிந்துகொள்ள வேண்டும். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், வலியில்லாத 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் அந்தத் தேய்மானம் படத்தில் இருக்கிறது. ‘உன் முதுகெலும்பு தேய்ந்துபோச்சு’ என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு நாற்பது வயதில் வேலையை விட்ட பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அசையப் பயந்து முடங்கும்போது தசை இன்னும் வலுவிழந்து, வலி நிலைத்துவிடுகிறது. தோரணை பற்றிய பேச்சு செய்யக்கூடிய ஆகப் பெரிய தீங்கு இந்தப் பயம்தான்.

இதை வைத்துக்கொண்டு, தோரணையைப் பார்ப்பதே வீண் என்று சொல்லும் கூட்டமும் உருவாகியிருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியாது. ஏற்க முடியாததற்கான காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது.

முதுகெலும்பில் வரும் காசநோய் முள்ளெலும்பைக் கரைத்து முன்பக்கமாகச் சரியவைக்கும். முதுகில் கூர்மையாக ஒரு புடைப்பு தோன்றும். ஒரு காலத்தில் இதற்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டிலில் படுக்கவைப்பார்கள், அல்லது பெரிய அறுவை செய்வார்கள். 1970களில் சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து, நோயாளிகள் நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிடுவதை அறுவையோடு ஒப்பிட்டுப் பார்த்தன. அறுவையில்லாமல், மாத்திரையிலேயே பெரும்பாலோருக்கு நோய் ஆறியது. ஏழை நாடுகள் முழுவதற்கும் பயன்பட்ட கண்டுபிடிப்பு அது. ஆனால் நோய் ஆறிய பிள்ளைகளின் கூன் என்ன ஆகிறது? கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன், அறுவையில்லாமல் சிகிச்சை பெற்ற 61 பிள்ளைகள் வளர்ந்த 15 ஆண்டுகளும் எடுத்த படங்களைப் பின்தொடர்ந்து 2001இல் எழுதினார். நோய் போன பிறகும், வளர்ச்சியின்போது ஐந்தில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போயிருந்தது. அதைவிடச் சற்று அதிகமானோருக்குத் தானாகவே குறைந்தது. மற்றவர்களுக்கு மாறவில்லை. யாருக்குக் கூடும் என்பதை முன்கூட்டியே காட்டும் நான்கு அடையாளங்களை எக்ஸ்ரேயில் அவர் வரையறுத்தார். இன்று உலகெங்கும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு முறை பார்த்து முத்திரை குத்தாமல், வளர வளரத் திரும்பத் திரும்பப் பார்த்ததால் கிடைத்த அறிவு அது. தோரணையைப் பார்ப்பதன் உண்மையான பயன் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னும் சில இடங்களிலும் பார்வைதான் முதல் சோதனை. வளரும் பருவத்தில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும் நோய் நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இருக்கிறது. பெரிதாக வளைவது பெண்பிள்ளைகளுக்கே அதிகம். நிற்கும்போது தாவணி மறைத்துவிடும். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கால் நேராக வைத்துக் குனியச் சொல்லி, பின்னால் நின்று முதுகை மட்டத்தில் பார்த்தால், ஒரு பக்க விலா மேடிட்டுத் தெரியும். வில்லியம் ஆடம்ஸ் 1865இல் விவரித்த இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். வளைவு 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் நோய்ப் பெயர், அதை எக்ஸ்ரேதான் உறுதிசெய்யும். நேரத்தில் கண்டுபிடித்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2013இல் விடை கிடைத்தது. உடலில் இறுக்கமான கவசம் அணிந்த பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் அறுவை அளவுக்கு வளையாமல் வளர்ச்சியை முடித்தார்கள். அணியாதவர்களில் அது 48 சதவீதம். எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பது லாபமா என்பதில் அமெரிக்க நிபுணர் குழுவே 2018இல் முடிவு சொல்லாமல் விட்டது. ஆனால் பள்ளிக்கு ஏற்கெனவே வரும் சிறார் நலக் குழு கண்ணையும் பல்லையும் பார்க்கும்போது 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளை ஒரு தரம் குனியவைத்தும் பார்ப்பதற்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை.

வயதானவர்களின் கூன் வேறு கதை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைந்து, முள்ளெலும்பு சத்தமில்லாமல் நசுங்கும். ஆயாவுக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வருடத்தில் உயரம் குறைந்திருந்தால், சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டி நின்றும் பிடரி சுவரைத் தொடவில்லையென்றால், அது எலும்பைச் சோதிக்கச் சொல்லும் அறிகுறி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதுகு பலகையாக இறுகிய பெரியவர்களைக் கண்டால் தண்ணீரில் உள்ள ஃபுளூரைடைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எலும்பைத் தாக்கும் இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே 1937இல், பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில். இளைஞன் ஒருவனுக்குக் காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகியிருந்து, நடமாடினால் தளர்ந்தால், அது மூட்டழற்சியாக இருக்கக்கூடும். இவர்கள் யாருக்கும் தோள்பட்டையைப் பின்னால் இழுக்கும் வார்ப்பட்டை விற்றுப் பயனில்லை.

நோயில்லாத பெரும்பான்மைக்கு வருவோம். திருத்தப் பயிற்சி வேலை செய்கிறதா? பயிற்சி வேலை செய்கிறது. நாள்பட்ட முதுகு வலிக்குப் பயிற்சி தரும் 249 ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, பயிற்சி செய்யாமலிருப்பதை விட, வழக்கமான கவனிப்பை விட, பயிற்சி வலியைக் குறைக்கிறது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் முதன்முறையாக வெளியிட்ட முதுகு வலி வழிகாட்டியும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது, இடுப்புப் பெல்ட் போன்ற தாங்கிகளை வேண்டாம் என்கிறது. ஆனால் வலி குறைந்தவர்களின் முதுகு நேராகிவிட்டதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. அறுபது தாண்டிய, கூன் 40 டிகிரிக்கு மேல் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் வாரம் மூன்று முறை வீதம் ஆறு மாதம் முதுகை வலுவாக்கும் பயிற்சி கொடுத்தார்கள். படத்தில் கூன் குறைந்தது சுமார் 3 டிகிரி. கண்ணாடியில் பார்த்தால் தெரியாத அளவு. ஆகவே பயிற்சியின் பலன் கோடு நேராவதில் இல்லை. தசையின் வலுவும் தாங்குதிறனும் கூடுவதிலும், அசைந்தால் ஆபத்து என்ற பயம் போவதிலும் இருக்கிறது.

இதை ஒப்புக்கொண்டால் ஆய்வின் வடிவமே மாறும். அசையாமல் நிற்கவைத்துப் படம் எடுப்பதை விட, செய்யச் சொல்லிப் பார்ப்பது முக்கியமாகிறது. நடவு வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “ராத்திரியில திரும்பிப் படுக்க முடியல” என்கிறார். நல்ல இயன்முறை மருத்துவர் முதலில் ஆபத்தான அறிகுறிகளைக் கேட்பார்: காய்ச்சல், எடைக் குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, விழுந்து அடிபட்டது. அவை இல்லையென்றால், “அம்மா, நாத்து நடுற மாதிரி குனிங்க” என்பார். இடுப்பு மூட்டிலிருந்து மடிகிறாரா, முதுகிலிருந்து மட்டும் மடிகிறாரா என்று அப்போது தெரியும். தொடையின் பின்தசை இறுகியவருக்கு இடுப்பு மூட்டு போதிய அளவு மடியாது, மொத்தச் சுமையும் கீழ்முதுகுக்குப் போகும். அடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழச் சொல்வார். நாற்காலியில் 30 வினாடியில் எத்தனை தரம் எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார். ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்கிறார் என்று பார்ப்பார். கடைசியாக, எந்த நிலையில் வலி கூடுகிறது, எப்படி மாற்றினால் அங்கேயே குறைகிறது என்று தேடுவார். இந்தக் கடைசித் தேடல்தான் எல்லாவற்றிலும் பெரியது. காலை அகட்டி வைத்து, ஒரு கை முட்டியை முன்தொடையில் ஊன்றிக் குனிந்தால் வலி பாதியாகிறது என்று அவரே கண்டுகொண்டால், அவருக்கான பயிற்சி அங்கே தொடங்கிவிட்டது.

பயிற்சியும் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே வர வேண்டும். இடுப்பை மடித்து நிமிர்வது, முதலில் வெறுங்கையில், பிறகு குடத்தில் பாதித் தண்ணீர், பிறகு முழுக் குடம். திண்ணை உயரத்திலிருந்து எழுந்து உட்காருவது. குப்புறப் படுத்து நெஞ்சை மெல்லத் தூக்குவது. மூன்று நான்கு போதும், பன்னிரண்டு பயிற்சி எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. சென்னையில் தேசிகாச்சார் தம் தந்தை கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரில் 1976இல் தொடங்கிய யோக மந்திரம், ஆசனத்துக்கு ஆளை வளைக்காமல் ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றிக் கற்பித்தது. அந்த அணுகுமுறை இங்கே அப்படியே பொருந்தும். ஆறு வாரம் கழித்து அதே எண்களை மறுபடி எடுக்க வேண்டும். முதல் நாள் 30 வினாடியில் எட்டு முறை எழுந்தவர் இப்போது பதிமூன்று என்றால் அது மருந்துக்குச் சமமான செய்தி. சித்தகிரி முருகன் கோயில் படி ஏற முடிகிறதா என்பதும் ஓர் அளவுதான், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் பயிற்சியோடு நிறுத்தினால் இந்தக் கட்டுரை அநியாயமாகிவிடும். உழைக்கிறவர் உடம்பின் தோரணையை அவர் விருப்பம் தீர்மானிப்பதில்லை. கருவியும் கூலி முறையும்தான் தீர்மானிக்கின்றன. ஜெர்மனியில் 1999இல் ஒருவரின் டிஸ்க்குக்குள் அழுத்தமானியை வைத்து அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். சாய்ந்து தளர்ந்து உட்கார்ந்தபோது அதைவிடக் குறைவு, 0.3 அளவு. ஆனால் 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. முழங்கால் மடித்துத் தூக்கியபோதும் 1.7. ஒரே ஒரு ஆளின் அளவுதான் என்றாலும் செய்தி தெளிவு: தோரணையால் குறையும் பங்கை விட, சுமையைக் குறைத்தால் குறையும் பங்கு பெரிது. 20 கிலோவுக்கே இப்படி என்றால் 75 கிலோ மூட்டைக்கு எந்தத் தோரணையைக் கற்றுக்கொடுப்பது? மூட்டையின் எடையை 50 கிலோவுக்குள் கொண்டுவருவதும் தள்ளுவண்டி வைப்பதும்தான் அங்கே திருத்தப் பயிற்சி.

குனிந்தே இருப்பதிலும் உடம்பின் கணக்கு உண்டு. 20 நிமிடம் முழுதாக முன்வளைந்தே இருந்தால் முதுகின் தசைநார்கள் நீண்டு கொடுத்துவிடுகின்றன. நிமிர்ந்த இரண்டு நிமிடத்தில் பாதிதான் மீள்கிறது என்று மெக்கில், பிரவுன் இருவரும் 1992இல் அளந்தார்கள். அந்தத் தளர்ந்த நேரத்தில் சட்டென்று நாற்றுக் கட்டைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பாத்தி முடிந்ததும் இரண்டு நிமிடம் நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். இதற்கு மேஸ்திரி முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்கள் குட்டைப் பிடி மண்வெட்டியால் முதுகு உடைந்துபோய் வழக்குத் தொடுத்தார்கள். 1975இல் அந்தக் கருவியே தடை செய்யப்பட்டது. நம் ஊரில் ஒற்றை நாற்று நடவோடு வந்த கோனோ வீடர் நின்றபடி தள்ளும் கருவி. களை எடுப்பதற்கு மட்டுமல்ல, முதுகுக்கும் நல்லது. பெரும்பாலும் ஆண் உயரத்துக்குச் செய்யப்பட்ட பிடியைப் பெண் உயரத்துக்கு மாற்றித் தந்தால் இன்னும் பரவும். துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. செஞ்சிக் கடைத்தெருவில் அதை நடைமுறையில் பார்ப்பதும் ஒரு தோரணை ஆய்வுதான். பள்ளிப் பைக்கும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற வரம்பு 2020ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் வந்த முப்பருவ முறையே பையை இளைக்கவைக்கத்தான்.

இதையெல்லாம் அவலூர்பேட்டையில் யார் செய்வது? இருக்கிற ஏற்பாடு ஒன்று பயன்படக் காத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கும் முன்னுரிமை தருவது நியாயம். அந்த வழியிலேயே, வேலைக்குப் போகும் நிலையில் இருக்கும் இடுப்பு வலிக்காரர்களையும் பார்க்கச் செய்யலாம். ஆய்வு அறையை விட வீடும் கொல்லையும்தான் தோரணையைப் பார்க்க ஏற்ற இடம். அடுப்பின் உயரம், அம்மி இருக்கும் மூலை, தண்ணீர் எடுக்கும் குழாயின் தாழ்வு, களைக்கொத்தின் பிடி நீளம் எல்லாம் அங்கே கண்முன் இருக்கும். வீட்டில் வைத்திருக்கும் மருத்துவப் பதிவு அட்டையில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கீழே மூன்று எண்களுக்கு இடம் ஒதுக்கினால் போதும்: 30 வினாடியில் எழுந்த எண்ணிக்கை, ஒற்றைக் காலில் நின்ற வினாடி, பிடரிக்கும் சுவருக்கும் இடையே உள்ள விரல்கடை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இவற்றை எழுதினால், ஆயாவின் எலும்பு நசுங்குவது கூன் முற்றுவதற்கு முன்பே தெரியவரும். நடவுக்குப் போகும் மகளின் கால் வலுவிழப்பதும் அவர் வேலையை விடுவதற்கு முன்பே தெரியும்.